கூடாரம் என்றால் ஏன் இந்தப் பயம்?



நமது ஊர்களில் பாலைவனம் பார்க்காத வீடு கிடையாது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எந்தத் தெருவில் போய்க் கதவைத் தட்டினாலும் வாப்பாவோ மகனோ மச்சானோ சவூதியிலோ கட்டாரிலோ குவைத்திலோ இருந்து வந்தவராக இருப்பார். குவைத்தில் நவம்பர் நடுப்பகுதி தொடக்கம் மார்ச் நடுப்பகுதி வரை குடும்பம் குடும்பமாகப் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். அந்தக் கூடாரத்துக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போனவர், கரி மூட்டியவர், கபீலின் விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றியவர் நமது ஊர்க்காரர். காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே பேரீச்ச மரங்களே வரிசையாக நிற்கின்றன. இவ்வளவு இருந்தும், இலங்கைக்குள்ளேயே ஒரு வறண்ட நாடு இருக்கிறது, அங்கேயும் நமது ஆட்கள் வாழ்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் இரண்டு பேர் மன்னார் பக்கம் போய் மூன்று இரவுகள் கூடாரத்தில் தங்கி வந்தோம். இருவருமே ஆசிரியர்கள். ஒருவர் புவியியல், மற்றவர் இஸ்லாம் பாடம். ஆசிரியர் கலாசாலைக் காலத்திலிருந்தே கூட்டாளிகள். பழைய ஆல்டோ கார் ஒன்று, இரண்டு பேர் படுக்கும் கூடாரம் ஒன்று, இருபது லீற்றர் தண்ணீர்க் கேன் இரண்டு, ஒரு காஸ் அடுப்பு, பாய், டோர்ச், முஸல்லா. இவ்வளவுதான்.

போய் வந்த பிறகு ஊரில் கேட்கப்பட்ட கேள்விகள்தான் இதை எழுத வைத்தன. "இடம் எப்படி?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. "எங்கெங்க செக் பண்ணினாங்க? பிடிச்சு வைக்கல்லையா?" என்று கேட்டவர்களே அதிகம். பள்ளியில் அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது மூத்தவர் ஒருவர் ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, "சேர், படிச்ச ஆக்கள் நீங்க. இந்தக் காலத்துல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டார்.

தேவைதான். எங்கள் கருத்து அதுதான். ஏன் என்று சொல்கிறோம்.

முதலில், அந்த மூத்தவரின் பயத்தை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. 2019 ஜனவரியில் வணாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிமருந்து பிடிபட்டது. ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு. ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருது. அந்த இரவின் சத்தம் நமது வீடுகளின் ஜன்னல்களை அசைத்தது. செத்தவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் வீட்டில் அரபு எழுத்துள்ள புத்தகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தவர்கள் நாம். அந்தக் காலத்தில் தாடி வைத்த இரண்டு ஆண்கள், காட்டோரம், ஒரு கூடாரம் என்று யாராவது சொல்லியிருந்தால் நமக்கே நெஞ்சு பதறியிருக்கும். அது அன்றைக்கு நியாயம்.

ஆனால் அந்தப் பயம் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. அடக்கமாக இருந்தோம், பயணத்தைக் குறைத்தோம், பாடசாலைச் சுற்றுலாவைக்கூட நுவரெலியாவும் கண்டியும் என்று இரண்டு ஊருக்குள் சுருக்கினோம். இப்போது அதையே மார்க்கப் பேணுதல் மாதிரிப் பேசப் பழகிவிட்டோம். பேர்ச் கணக்கில் காணி அளக்கிற ஊர் நம்முடையது. ஒரு வீட்டின் குசினிப் புகை அடுத்த வீட்டின் அறைக்குள் போகிற நெருக்கம். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு கீலம் போன்ற நிலம். இதற்குள் பிறந்து இதற்குள்ளேயே பதினெட்டு வயது வரை வளர்ந்து, பிறகு நேரே விமானம் ஏறி றியாத்தில் இறங்குகிற பையனுக்கு இந்த நாடு எவ்வளவு பெரியது என்று யார் சொல்லிக் கொடுத்தது?

இன்னொரு பயமும் இருக்கிறது. அது 2019க்கும் முந்தியது. கூடாரத்தை வாங்கி வந்து வீட்டு முற்றத்தில் விரித்துப் பார்த்தபோது எங்களில் ஒருவரின் உம்மா அதைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார். பிறகு சொன்னார்: "சுனாமிக்குப் புறகு அதுக்குள்ள ஆறு மாசம் கிடந்திரிக்கம் மன. அத ஏன் திரும்ப ஊட்டுக்குக் கொண்டு வாறாய்?" 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நமது கரையில் கூடாரம் என்பது நிறுவனங்களின் பெயர் அச்சடித்த துணி. பகலில் வெக்கை, இரவில் அழுகை. இதற்கு எங்களிடம் பதில் இல்லை. உம்மா சொன்னது சரி. கூடாரத்தை மடித்து காரின் பின்னால் வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

மூன்றாவது ஒரு ஆளைத் தேடினோம் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று பேர் சேர்ந்தால்தான் பயணக்கூட்டம் என்று வரும் ஹதீஸை ஊரில் பலர் நினைவூட்டினார்கள். நல்ல நினைவூட்டல்தான். ஆறு பேரிடம் கேட்டோம். இரண்டு பேருக்கு லீவு இல்லை. மற்ற நால்வரும் சொன்ன பதில் ஒன்றுதான்: வீட்டில் விடமாட்டார்கள்.

பாதை உங்களுக்குத் தெரியும். மட்டக்களப்பு, வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, அநுராதபுரம், மதவாச்சி. மதவாச்சியில் இடப்பக்கம் திரும்பி தலைமன்னார் வீதியைப் பிடித்தால் அரை மணித்தியாலத்துக்குள் மரங்கள் குட்டையாகத் தொடங்கும். வழியில் சோதனை இருந்ததா என்றால், இருந்தது. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டவர்கள் உண்டு. ஒரு இடத்தில் மட்டும் முழுச் சாமான்களையும் இறக்கச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. கூடாரத்தின் கம்புகளைத்தான் அதிகம் ஆராய்ந்தார்கள். மூத்தவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: ஏன் ஹோட்டலில் தங்கவில்லை? எங்களில் ஒருவருக்குச் சிங்களம் ஓரளவு நன்றாக வரும். ஆசிரியர்கள், பிள்ளைகளுக்கு வறண்ட வலயம் படிப்பிக்கிறோம், படத்தில் காட்டுவதை நேரில் பார்க்கப் போகிறோம் என்று விளக்கினார். கடைசியில் அதே இடத்தில் நின்ற இளம் சிப்பாய் ஒருவர் கூடாரம் என்ன விலை, எங்கே வாங்கலாம் என்று விசாரித்தார்.

கோபம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. நமது மாவட்டத்திலேயே அறுகம்பேயில் வெள்ளைக்காரர் கூடாரம் போட்டால் அதற்குப் பெயர் சுற்றுலா. நாம் போட்டால் அது ஒரு கேள்வி. அந்த வித்தியாசம் நியாயமில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் இருந்துகொண்டு சொன்னால் அதை யார் கேட்பார்கள்? இரண்டு பேர், மூன்று பேர் என்று போய், கேட்டால் பதில் சொல்லி, திரும்பவும் போய், "ஓ, கல்முனை ஆசிரியர்கள், போன வருசமும் வந்தவர்கள்" என்று சொல்கிற நிலைமை வந்தால்தான் அந்தக் கேள்வி பழசாகும். இதில் சிங்களம் தெரிந்திருப்பது பாதி வேலை. இரண்டாம் மொழிப் பாடத்தை நமது பாடசாலைகளில் எப்படி நடத்துகிறோம் என்பது வேறு ஒரு சோகக் கதை, அதைப் பிறகு எழுதுவோம்.

இனி நிலத்துக்கு வருவோம்.

புவியியல் சேர் விடமாட்டார், ஒரு திருத்தம் சொல்ல வேண்டும் என்கிறார். மன்னார் உண்மையான பாலைவனம் இல்லை. பாலைவனம் என்றால் வருட மழை 250 மில்லிமீற்றருக்கும் குறைவு. மன்னாரில் 1000 மில்லிமீற்றரை அண்டி விழுகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை வானம் பார்த்த பூமி. போதாததற்குக் காற்று. நாம் கச்சான் என்று சொல்கிற அந்தக் காற்றை அங்கே சோளகம் என்கிறார்கள். நமக்கு வரும்போது அது மலையைத் தாண்டிக் காய்ந்த காற்றாக வருகிறது. அங்கே கடலிலிருந்து நேராக, உப்போடும் மணலோடும் வந்து முகத்தில் அடிக்கிறது. முதல் இரவு கூடாரத்தின் நான்கு மூலையிலும் கல் வைத்துக் கட்டியும் துணி அடித்த அடிக்கு இருவருக்கும் தூக்கமில்லை.

பழைய தமிழர் பாலையைத் தனி நிலமாகக் கணக்கெடுக்கவில்லை, முல்லையும் குறிஞ்சியும் மழையில்லாமல் திரிந்து போனால் அதுதான் பாலை என்றார்கள் என்று க.பொ.த உயர்தரத் தமிழில் படிப்பிக்கிறோம். முசலியில் நின்று பார்த்தால் அது விளங்குகிறது. பக்கத்திலேயே அருவியாறு ஓடுகிறது, கட்டுக்கரைக் குளம் இருக்கிறது, குளத்துத் தண்ணீர் போகிற இடமெல்லாம் நெல். தண்ணீர் எட்டாத இடத்தில் குடை பிடித்தாற்போல் நிற்கும் உடை மரமும் முள்ளும் செம்மண்ணும். ஒரே வானம், ஒரே வெயில். பாலைக்குழி என்றே ஒரு ஊர் இருக்கிறது, பழம் தருகிற பாலை மரத்தின் பெயரில் வந்திருக்க வேண்டும்.

மிஸ்வாக் குச்சி தருகிற மரத்துக்குத் தமிழில் உகாய் என்று பெயர். நமது நாட்டின் வறண்ட கரையோரங்களில், மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும், அது தானாக வளர்கிறது. நாம் வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பாகிஸ்தானிலிருந்து வந்த குச்சியைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இஸ்லாம் பாட சேருக்கு அந்த மரத்தைக் கண்டதில் வந்த சந்தோசம் சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரி. தயம்மும் பாடத்தையும் அவர் பதினேழு வருடமாகப் படிப்பித்து வருகிறார். பிள்ளைகள் நிபந்தனைகளை ஒப்புவிப்பார்கள், பரீட்சையில் புள்ளி எடுப்பார்கள். தண்ணீர் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருவருக்குக் குடிக்க மட்டும் ஒரு நாளைக்கு நான்கு லீற்றர் ஒதுக்கிவிட்டு, மிச்சத் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு வுழூவா சமையலா என்று யோசித்தபோது அந்தப் பாடம் வேறு மாதிரி இருந்தது என்று அவரே சொன்னார்.

மன்னார்த் தீவில் பள்ளிமுனையில் நிற்கிற பெருக்கமரத்தைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆபிரிக்க மரம். அரபு வணிகர் ஒட்டகத்துக்குத் தீனியாகக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். ஒட்டகம் போய்விட்டது, கழுதைகள் மிஞ்சியிருக்கின்றன. மன்னார் நகரத்தில் கழுதை நடுவீதியில் நிற்கும், கார்தான் ஒதுங்கிப் போக வேண்டும். அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை, யூடியூப்காரர்கள் போதுமான அளவு செய்துவிட்டார்கள்.

எங்களை நிறுத்தி வைத்தது அரிப்பும் சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும். அரிப்பில் கடலுக்குள் உடைந்து விழுந்துகொண்டிருக்கிற ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. அல்லிராணி கோட்டை என்கிறார்கள். உண்மையில் 1800களின் தொடக்கத்தில் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்குக் கட்டியது. அந்தக் கட்டடத்தை விட எங்களைப் பிடித்தது அதைச் சுற்றி ஒரு காலத்தில் இருந்த, இப்போது ஒரு அடையாளமும் இல்லாத கூடாரங்கள்.

முத்துக்குளிப்பு நடக்கிற வருடங்களில் மாசி, பங்குனி வாக்கில் இந்த வெறுங்கரையில் ஒரு நகரமே எழும்பும். கிடுகுக் குடிசைகளும் கூடாரங்களும். 1900களின் தொடக்கத்தில் அது மறிச்சுக்கட்டியில் எழும்பியது, பல்லாயிரம் பேர் கூடினார்கள். பொலிஸ், நீதிமன்றம், ஆஸ்பத்திரி எல்லாம் அந்தத் தற்காலிக நகரத்துக்குள் இருந்தன. கீழக்கரை முஸ்லிம்கள், தமிழ்ச் சுழியோடிகள், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகள், செட்டிமார், சிங்கள வியாபாரிகள். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு சுழியோடிகளுக்கு, மற்ற இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கை அன்றன்றே ஏலம் விடுவார்கள். பருவம் முடிந்தால் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள், காற்று மணலைத் தள்ளி மூடிவிடும். பெரிய குளிப்புகள் 1907 உடன் நின்றன.

யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு வேலை தேடி நாம் கட்டாருக்குப் போகிறோம். அன்றைக்கு வளைகுடா அரபி வேலை தேடி மன்னாருக்கு வந்து கூடாரத்தில் படுத்திருந்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். கரையில் கொண்டுபோய் நிறுத்தினால், குனிந்து பார்க்கச் சொன்னால், பழைய சிப்பித் துண்டுகளைக் கண்டால் நம்புவார்கள்.

இப்னு பதூதாவும் 1344இல் இந்தக் கரையில்தான், புத்தளம் என்று கருதப்படும் இடத்தில், இறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துக்களைப் பார்த்தார். பாவாத மலைக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது மன்னர் அவரோடு அனுப்பிய ஆட்களின் பட்டியலை அவரே எழுதி வைத்திருக்கிறார்: நான்கு யோகிகள், மூன்று பிராமணர், மன்னரின் ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர். மொரோக்கோவிலிருந்து வந்த காழி ஒருவர் யோகிகளோடும் பிராமணரோடும் காட்டு வழியில் இரவு தங்கிப் போயிருக்கிறார். அவருடைய பயணத்தைப் பற்றி ஆண்டுதோறும் மீலாத் விழாவில் பேச்சுப்போட்டி வைக்கிறோம். அவர் செய்ததைச் செய்யப் போகிறவனை வீட்டில் விடமாட்டோம்.

இரண்டாம் இரவு நாங்கள் கூடாரம் போட்டது சிலாவத்துறைக்கு அப்பால் ஒருவருடைய சொந்தக் காணியில். கிராம சேவகருக்குச் சொல்லி, பொலிஸிலும் பெயர் கொடுத்துவிட்டுத்தான் போட்டோம். காணிக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. மாலையில் வந்து வெறும் மண்ணில் உட்கார்ந்துகொண்டு கூடாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பிமார், நாங்க கொட்டில்ல இருந்து வெளியில வர இருபது வருசம் சென்டது. நீங்க காசு குடுத்துக் கூடாரம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீங்க."

1990 ஒக்டோபர் இறுதியில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். மன்னாரில் சில நாட்கள். மொத்தமாக எழுபத்தையாயிரம் பேர் அளவில் என்று கணக்கிடப்படுகிறது, அதில் பெரும்பங்கு மன்னார் மாவட்டத்தவர். இவர் அப்போது புதிதாகக் கல்யாணம் முடித்தவர். படகில் கற்பிட்டிக்குப் போனது, பிறகு புத்தளத்தில் கிடுகுக் கொட்டில். பிள்ளைகள் அங்கே பிறந்தார்கள், அங்கே படித்தார்கள், இருவருக்கு அங்கேயே கல்யாணமும் முடிந்தது. யுத்தம் முடிந்த பிறகு இவர் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் ஊர் காடாகி இருக்கிறது. வாப்பா நட்ட மரத்தைக் கொண்டுதான் வளவின் எல்லையைக் கண்டுபிடித்தாராம்.

அந்தக் காடு ஒரு பெரிய வழக்காகிவிட்டது உங்களுக்குத் தெரியும். 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குழிப் பக்கத்து நிலம் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வந்தது. 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு என்று இன்னொரு வர்த்தமானி. மக்கள் மறிச்சுக்கட்டியில் பந்தல் போட்டுப் பல வாரங்கள் உட்கார்ந்தார்கள். மறுபக்கத்தில், வில்பத்துவை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள் என்று தெற்கில் ஒரு பிரசாரம். 2020 நவம்பரில் கல்லாற்றுப் பகுதியில் வெட்டிய காட்டைத் திரும்ப வளர்த்துக் கொடுக்க வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காடு வெட்டப்பட்டது உண்மை என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. அந்த நிலத்தின் ஒரு பகுதியில் 1990க்கு முன்னர் பள்ளியும் கிணறும் மையவாடியும் இருந்தன என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துப் பேசுகிற ஆள் வேண்டும். அதற்கு அந்த இடத்தைக் காலால் நடந்து பார்த்தவர் வேண்டும்.

நமது கிழக்கு முஸ்லிம்கள் இந்தப் பிரச்சினைக்காக 2015 தொடக்கம் முகநூலில் கொதித்திருக்கிறோம். ஜும்ஆவுக்குப் பிறகு பதாகை பிடித்திருக்கிறோம். ஆனால் அந்த மனுசர் சொன்னார், கிழக்கிலிருந்து அரசியல்வாதியோ நிவாரண லொறியோ இல்லாமல் சும்மா பார்க்க வந்து இரவு தங்கியது நாங்கள்தான் முதல் ஆட்களாம். தன்னுடைய நினைவில் அப்படித்தான் என்றார். பெருமையாகச் சொல்ல இதை எழுதவில்லை. எங்களுக்கு அதைக் கேட்டு வாயடைத்துப் போனது.

அன்றிரவு அவருடைய வீட்டிலிருந்து சோறும் பாரைமீன் ஆணமும் வந்தன. எங்கள் காஸ் அடுப்புக்கு வேலை இல்லாமல் போனது. அவர் பத்து மணி வரை பேசினார். எந்தத் திசையில் யானை இறங்கும், எந்தக் கிணறு உப்பு, எந்த மாதம் எந்த மீன், எந்தச் சந்தியில் நின்று புத்தளத்துக்கு பஸ் பிடிப்பது. பிள்ளைகளைப் பார்க்க அவர் மதவாச்சி, அநுராதபுரம் என்று சுற்றித்தான் புத்தளம் போய் வருகிறார். வில்பத்துக்குள்ளால் போகிற நேர்ப்பாதை வழக்கிலும் தடையிலும் இழுபட்டது. ஹோட்டல் அறையில் தங்கியிருந்தால் இந்த மனுசரை நாங்கள் சந்தித்திருக்க மாட்டோம். அந்தச் சோதனைச் சாவடியில் கேட்ட கேள்விக்கு இதுதான் சரியான பதில் என்று பிறகு பேசிக்கொண்டோம்.

இங்கே நமது இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. போகாத ஆட்களைப் பற்றி இவ்வளவு சொன்னோம், போகிற ஆட்களும் இருக்கிறார்கள். பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் வேன் பிடித்து, பெரிய ஸ்பீக்கர் கட்டி, பதினைந்து பேராகப் பானமைப் பக்கமோ உகந்தைப் பக்கமோ போய், கோழி சுட்டு, பிளாஸ்டிக் தட்டையும் போத்தலையும் அங்கேயே எறிந்துவிட்டு வருகிற கூட்டம். அது பாதயாத்திரைக்காரர் கதிர்காமத்துக்கு நடக்கிற வழி, யானை தண்ணீருக்கு இறங்குகிற வழி. வளைகுடாவில் கபீலின் கூடாரத்தில் கரி பற்ற வைத்த பையனுக்கு ஒரு பழக்கம் தெரிந்திருக்கும்: புறப்படும்போது நெருப்பின் மேல் மண்ணைப் போட்டு மிதித்து, குப்பையைப் பையில் கட்டி ஏற்றுவது. அங்கே அபராதத்துக்குப் பயந்து செய்ததை இங்கே செய்தால் என்ன? நமது ஊர்ப் பெயரைப் பார்த்து ஒருவன் முகம் சுளித்தால் அதற்கு 2019 மட்டும் காரணம் என்று சொல்லித் தப்ப முடியாத இடங்களும் இருக்கின்றன.

போக நினைக்கிறவர்களுக்கு, நாங்கள் கண்டபடி சில விடயம். தேசிய வனத்துக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் கூடாரம் போட முடியாது, ஒதுக்குக் காட்டுக்குள் நுழைவதே குற்றம். ஆகவே ஊரோரம், கேட்டு அனுமதி வாங்கிய காணி. கேட்டால் கொடுக்கிறார்கள், முஸ்லிம் ஊரில் மட்டும் என்றில்லை. மூன்றாம் இரவு நாங்கள் தங்கியது ஒரு கத்தோலிக்க மீனவரின் வாடிக்குப் பக்கத்தில். விடியலில் அவர் எங்களுக்கு முன்னரே எழும்பிக் கடலுக்குப் போய்விட்டார், சுபஹுக்கு எழும்பியபோது கூடார வாசலில் மூடி போட்ட சட்டியில் தேநீர்த் தண்ணீர் இருந்தது. பொலிஸுக்கும் கிராம சேவகருக்கும் முன்கூட்டியே சொல்வதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்க வேண்டாம், யானைக்காகவாவது சொல்லி வையுங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் வெளியில் நெருப்பு மூட்டவே வேண்டாம். ஒரு பொறி போதும்.

பெண்பிள்ளைகள் என்ன செய்வது என்று எங்கள் பாடசாலையின் ஆசிரியை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. புவியியலில் முதலாவதாக வருவது அவர்கள்தான், வெளிக்களப் பயணம் என்றால் பட்டியலில் கடைசி. குடும்பமாகப் போகலாம், பகலில் பார்த்துவிட்டு எருக்கலம்பிட்டியிலோ மன்னாரிலோ தெரிந்த வீட்டில் தங்கலாம். அதிபர்மார் மனம் வைத்தால் உயர்தர மாணவிகளுக்கு இரண்டு நாள் வெளிக்களம் வைக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் இதை முன்வைக்கப் போகிறோம். எதிர்ப்பு வரும். வரட்டும், பேசுவோம்.

அடுத்த பயணம் இன்ஷா அல்லாஹ் வருகிற ஓகஸ்டில். திரும்பவும் முசலிக்குத்தான், ஏனென்றால் அந்த மனுசருக்கு வருவதாகச் சொல்லிவிட்டோம். இங்கத்தே பன் பாய் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். காரில் மூன்றாம் ஆளுக்கு இடம் இருக்கிறது. வருகிறவர் சொந்தமாகத் தண்ணீர்க் கேனும் அடையாள அட்டையும் கொண்டுவர வேண்டும், வீட்டில் தானே பேசிச் சம்மதம் எடுக்க வேண்டும். குறட்டை விடுகிறவராக இருந்தால் முன்னரே சொல்லிவிடவும், கூடாரம் சின்னது.